நட்டவர் ஒருவர், பெயர் இன்னொருவருக்கு

கேள்வி: கடித்தால் முகம் கோணும் அளவுக்குப் புளிக்கும் பிராம்லி ஆப்பிளை ஆங்கிலேயர் ஏன் கொண்டாடுகின்றனர்?

பதில்: அவர்கள் அதைப் பெரும்பாலும் கடிப்பதில்லை, சமைக்கின்றனர். மாலிக் அமிலம் எனப்படும் பழப்புளிப்பு மிகுந்த இக்கனி, அடுப்பில் ஏறியதும் நுரைத்த கூழாகக் குழைந்தாலும் புளிப்பைக் கைவிடாததால், ஆப்பிள் பை என்னும் மாவுப் பண்டத்தின் உள்ளீடாகவும், வறுத்த பன்றியிறைச்சிக்குத் தொடுகறியாகவும் அமைகிறது. நாட்டிங்காம்ஷயரின் சவுத்வெல் ஊரில் 1809-இல் இதன் விதையை ஊன்றியவர் மேரி ஆன் பிரெயில்ஸ்ஃபோர்ட் என்னும் சிறுமி. 1846-இல் அம்மரம் நின்ற வீட்டை வாங்கிய இறைச்சிக் கடைக்காரர் மேத்யூ பிராம்லியோ, 1856-இல் ஒட்டுக்கிளை கேட்டுவந்த ஹென்றி மெர்ரிவெதரிடம், கனிக்குத் தம் பெயரையே சூட்ட வேண்டும் என்று நிபந்தனை விதித்தார். மூன்று குரோமோசோம் தொகுதிகள் கொண்ட மும்மடிய மரமாதலால், காய்ப்பதற்கு அண்டை மரங்களிடம் மகரந்தம் வாங்கும் இது, பயனுள்ள மகரந்தம் எதையும் திருப்பித் தராது. அவ்வகையில் பெயர் பொருத்தமானதே.