ஒரு அங்குலத் தொய்வு: ஏர்வாடிக் கரையோர மோட்டார் சைக்கிள் செயின் குறித்து ஓர் ஆய்வு

இந்த ஆய்வுக்கு எந்தப் பல்கலைக்கழகமும் நிதி தரவில்லை. டீச் செலவை ஆய்வாளரே ஏற்றார். களம், ஏர்வாடியில் தர்காவுக்குப் போகும் சாலையில் ஒரு மெக்கானிக் கடை வாசல். ஆய்வாளரின் இருக்கை, அங்கே கிடந்த பழைய லாரி டயர். செயின் என்பது கண்ணால் பார்ப்பதற்கு முன் காதால் கேட்க வேண்டிய பொருள். அப்படிக் கேட்டதில் கிடைத்த முதல் முடிவு: செயின் கவரில் அடிக்கிற சத்தம் தெருவுக்கே கேட்கும், வண்டிக்காரருக்கு மட்டும் கேட்காது. எடுத்துச் சொன்னால், "அது கவரு ஆடுது காக்கா" என்று பதில் வரும். (காக்கா என்றால் இந்தக் கரையில் அண்ணன்.)

முறைப்படி சொல்லாய்வில் தொடங்குவோம். செயினின் ஒரு துண்டுக்குத் தமிழில் கண்ணி. இரண்டடியாக வரும் ஒரு பாட்டு வகைக்கும் அதே பெயர்தான். இந்தக் கரைக்கு அது பழகிய சொல். தொண்டிப் பக்கம் குணங்குடியில் பிறந்து கீழக்கரையில் ஓதிய மஸ்தான் சாகிபு, பராபரக்கண்ணியும் மனோன்மணிக்கண்ணியும் பாடியவர். இலக்கணப்படி பார்த்தால் செயின் ஓர் அந்தாதி. ஒரு கண்ணி முடிகிற பின்னில் அடுத்த கண்ணி தொடங்குகிறது; கடைசிக் கண்ணி முதல் கண்ணியோடு சேர்ந்து மண்டலிக்கிறது. அப்படி மண்டலிக்க வைக்கும் உறுப்புக்குக் கடையில் செயின் லாக் என்று பெயர். அதன் கிளிப்பில் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் தளை தட்டும்; நேரம் சரியில்லையென்றால் ஈசிஆர் நடுவில் அந்தாதியே அவிழ்ந்து விழும். உள் கண்ணியும் வெளிக் கண்ணியும் மாறி மாறி வருவதால் மொத்தக் கணக்கு இரட்டைப்படையில்தான் நிற்கும் என்பதையும் யாப்பு மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

சங்கிலி என்று எழுதாமல் ஏன் செயின் என்றே எழுதுகிறேன்? ஏர்வாடியில் அந்தச் சொல்லுக்கு வேறொரு நினைவு இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று இங்கே ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டிப்போடப்பட்டிருந்தவர்களால் எழுந்து ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு அந்தச் சொல்லை வைத்து விளையாட எனக்கு மனமில்லை.

வரலாறு சுருக்கமானது. இன்று நம் வண்டியில் ஓடுகிற உருளைச் செயினுக்கு 1880இல் காப்புரிமை வாங்கியவர் ஹான்ஸ் ரெனால்ட்; சுவிட்சர்லாந்தில் பிறந்து மான்செஸ்டரில் தொழில் செய்தவர். அதாவது 1914இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தைவிட நம் செயினுக்கு 34 வயது அதிகம். இரண்டுக்கும் எதிரி ஒன்றுதான், உப்புக்காற்று. பாலத்துக்கு வாழ்நாள் முழுக்கப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். 2025இல் திறந்த புதுப் பாலத்துக்குப் பாலிசிலாக்ஸேன் பூச்சே பூசியிருக்கிறார்கள். வயதில் மூத்த செயினுக்குக் கிடைப்பது, மெக்கானிக் கடையில் வேறு வண்டியிலிருந்து வடித்த கறுப்பு ஆயில்.

இனி தேய்மானவியல். "செயின் இழுத்துருச்சு" என்று எல்லோரும் சொல்கிறோம். இரும்பு அப்படியெல்லாம் இழுபடாது. பின்னும் அதைச் சுற்றிய புஷ்ஷும் ஒன்றையொன்று தேய்க்கின்றன. தேய்ந்த இடைவெளிகளெல்லாம் கூடி நீளமாகத் தெரிகின்றன. என் வண்டிச் செயினில் 106 கண்ணி, ஒவ்வொன்றும் 12.7 மில்லிமீட்டர். ஒவ்வொரு மூட்டும் கால் மில்லிமீட்டர் தேய்ந்தால் போதும், மொத்தத்தில் ஒரு அங்குலம் நீண்டுவிடும். அது ஏறக்குறைய 2 சதவீதம். செயினும் பல்சக்கரங்களும் சேர்ந்த கிட்டை மாற்றுவது பற்றி வீட்டில் பேச்செடுக்க வேண்டிய கட்டம். பின் சக்கரத்தில் 42 பல். கீழக்கரைக்குப் போய்வந்தால் 20 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், செயின் 4,000 தடவைக்கு மேல் சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு ஒரு மூட்டு இரண்டு முறை மடங்கி நிமிர்கிறது. புரோட்டா வாங்கப் போன ஒரு பயணத்தில் 8,000 முறை! நம்மில் யாரும் எதற்காகவும் அத்தனை முறை வளைந்ததில்லை.

இதில் உப்பும் மணலும் சேர்கின்றன. உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துப் பிடித்து வைத்துக்கொள்ளும். மழையே இல்லாத மாதத்திலும் துரு வருவது அதனால்தான். 2017இல் அரிச்சல்முனை வரை சாலை போட்ட பிறகு, விருந்தாளி வந்தால் தனுஷ்கோடிக்குக் கூட்டிப்போவது கடமையாகிவிட்டது. காற்றுக் காலத்தில் அங்கே மணல் சாலையைக் குறுக்கே கடக்கும். அந்த மணல் கிரீஸில் ஒட்டினால் அது உராய்வுநீக்கி அல்ல, உப்புத்தாள். ஆகையால் செயின் பளபளக்கக் கிரீஸை அப்பும் மரபை இந்தக் கரைக்கு ஒவ்வாதது என்று நிராகரிக்கிறேன். எதிரணியான "தொடவே தொடாதே" மரபையும் ஏற்பதற்கில்லை. மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, 90 கியர் ஆயிலைக் கண்ணிகளின் உள்பக்கமாகச் சொட்டுச் சொட்டாக விட்டு, மிச்சத்தை வழித்தெடுக்க வேண்டும். எண்ணெய் தேவைப்படுவது மூட்டுக்கு உள்ளே. வெளியே மினுங்குவது மணலுக்கு வைத்த விருந்து. தனுஷ்கோடியிலிருந்து வந்ததும் வண்டியைக் கழுவுகிறார்களே என்றால், கழுவுகிற போர் தண்ணீரே உப்பு.

இந்த ஆய்வின் மையக் கருத்து தொய்வு பற்றியது. டைட்டாக இருந்தால் நல்லது என்று ஊரில் ஒரு பொது நம்பிக்கை உண்டு. நானும் அதே கட்சியில்தான் இருந்தேன். போன வருடம் நானே ஸ்பானரை எடுத்து, வீணைத் தந்தி மாதிரி முறுக்கி வைத்தேன். சத்தம் நின்றது. வீட்டில் பெருமையடித்துக்கொண்டேன். ஊரைத் தாண்டுவதற்குள் பின்னால் ஒரு முனகல் ஆரம்பித்தது, பேரிங்.

கடைக்காரர் விரலால் செயினைத் தட்டிப் பார்த்தார். "யாரு தம்பி இதை இறுக்கினது?"

"நான்தான் காக்கா."

"ஆள் ஏறி உட்கார்ந்தா வீலு மேலே போகும்ல? அப்ப செயினு எங்கே போகும்?"

முனைவர் பட்டத்துக்கு இந்த ஒரு கேள்வி போதும். ஆள் ஏறும்போதும், வண்டி பள்ளத்தில் விழுந்து அமுங்கும்போதும் முன் பல்சக்கரத்துக்கும் பின் பல்சக்கரத்துக்கும் உள்ள தூரம் கூடுகிறது. அந்தத் தூரத்துக்குச் செயினில் மிச்சம் இல்லாவிட்டால் பேரிங் போகும், இல்லை கியர்பாக்ஸ் போகும். சின்ன வண்டிகளுக்கு 20 முதல் 30 மில்லிமீட்டர் தொய்வு வேண்டும். சுமார் ஒரு அங்குலம். அவர் செய்து காட்டியது இது: இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் சென்டர் ஸ்டாண்டு போட்டு, வீலைக் கையால் சுற்றி, செயின் எங்கே அதிகம் இறுகுகிறதோ அங்கே நிறுத்தினார். ஆக்சில் நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்க அட்ஜஸ்டரையும் ஒரே அளவு திருப்பி, கோட்டுக்குக் கோடு பார்த்தார். நட்டை இறுக்கிய பிறகு மறுபடி அளந்தார், ஏனென்றால் இறுக்கும்போது அளவு மாறும். கடைசியில் பின் பிரேக்கையும் சரிசெய்தார். வீல் நகர்ந்தால் பிரேக் மிதியும் மாறிவிடும் என்பது எனக்கு அதுவரை தெரியாது. இன்ஜினை ஓடவிட்டு, கியர் போட்டு, சுற்றுகிற செயினில் எண்ணெய் விடுகிற சோம்பேறிகளுக்கு அவர் சொன்ன பதிலை அச்சிட முடியாது. விரல் போய்விடும் என்பது அதன் சாரம்.

ஆய்வை முடிக்கும் முன் என் வண்டியையே சான்றுப் பொருளாக அவர் முன் நிறுத்தினேன். கவரைக் கழற்றினார். செயினைப் பின் பல்சக்கரத்தின் பின்பக்கத்தில் பிடித்து இழுத்தார். பல்லை விட்டு எழுந்து வந்தது. பல்லெல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து, சுறாப் பல் போலக் கூர்ந்திருந்தது.

"இதுல அட்ஜஸ்ட் பண்ண ஒண்ணுமில்லை தம்பி. கிட்டையே மாத்தணும்."

வெள்ளிக்கிழமை கடை கிடையாது. சனிக்கிழமை காலையில் வரச் சொல்லியிருக்கிறார்.