முன்னூறு மணி நேர நாற்காலி

சுந்தரபாண்டியத்தில் ஒரு தறி வீட்டுத் திண்ணை. மாமா கைத்தறி நெசவாளி. அடுத்த வீட்டு மாப்பிள்ளைக்கு ராஜபாளையம் பக்கம் நூற்பாலையில் வேலை. ஞாயிறு மாலை, பைக்கை நிறுத்துகிறார்.

மாமா: வாய்யா மாப்ள. ஞாயித்துக்கெழமையும் விடலையா?

மாப்பிள்ளை: ஓவர்டைம் மாமா. தவணைல ஒரு சாய்வு சோபா எடுத்தேன்ல.

மாமா: என்ன வெல?

மாப்பிள்ளை: 26,000 ரூபா.

மாமா: ஒன் சம்பளம்?

மாப்பிள்ளை: 18,000. மாசம் 26 நாளு, தெனம் எட்டு மணி நேரம்.

மாமா: 208 மணிக்கு 18,000. மணிக்கு 86 ரூவா சொச்சம். அப்ப சோபா வெல 300 மணி நேரம். அதுல இதுவரைக்கும் எவ்வளவு நேரம் உக்காந்திருப்ப?

மாப்பிள்ளை: தீபாவளியன்னைக்கு ஒரு கால் மணி. மத்த நாள்ல பூனை படுத்துக்கிடும்.

மாமா: பூனைக்கு ஓவர்டைம் பாக்குற ஆள இப்பத்தான் பாக்குறேன்.

(சேலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிப் பழகியவர்களுக்கு எதைக் கண்டாலும் மணிக்கணக்காக மாற்றிப் பார்க்கும் வியாதி உண்டு.)

மாப்பிள்ளை: ஊரே வாங்குது மாமா.

மாமா: டி.கல்லுப்பட்டி காந்தி நிகேதன்ல கடைசி காலத்தக் கழிச்சாரே, ஜே.சி.குமரப்பா. லண்டன்ல கணக்குத் தணிக்கை படிச்சவரு, பம்பாய்ல அந்தத் தொழிலே பாத்தவரு. எல்லாத்தையும் விட்டுட்டுக் கதரோட வந்துட்டாரு. கணக்குத் தெரிஞ்ச மனுசன்யா!

மாப்பிள்ளை: அவருக்குக் கல்யாணம் ஆகல மாமா.

மாமா: சரி, நம்ம குமாரசாமி ராஜாவ எடுத்துக்க. 1949லேர்ந்து 52 வர மெட்ராஸையே ஆண்டவரு. சொந்த வீட்டயே காந்தி கலை மன்றத்துக்குக் குடுத்துட்டாருல்ல?

மாப்பிள்ளை: வீடு அவருதா இருந்துச்சு, குடுத்தாரு. என் வீட்ட நான் குடுக்கணும்னா பேங்க்காரன்ட்ட இல்ல மொதல்ல கேக்கணும்!

மாமா: வெள்ளக்காரரு கெயின்ஸ் 1930லயே எழுதிட்டாரு, நூறு வருசத்துல வாரத்துக்கு 15 மணி நேர வேல போதும்னு.

மாப்பிள்ளை: எங்க மில்லுக்கு அவர சூப்பர்வைசரா போட்டிருக்கலாம். அது கெடக்கட்டும், ஒங்களுக்கு மட்டும் இம்புட்டு ஓய்வு எங்கேர்ந்து வருது?

மாமா: ஆசயக் கொறச்சேன், நேரம் கூடிருச்சு. நாலு வேட்டி, ஒரு ரேடியோ. சாயந்தரம் ஆனா திண்ணை.

(உள்ளே ராட்டை கடகடவென்று ஓடுகிறது. அத்தை தார் சுற்றுகிறார். விடியற்காலையிலிருந்து சுற்றுகிறார்.)

மாப்பிள்ளை: அந்தச் சத்தம் மணிக்கு எவ்வளவு மாமா?

மாமா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுகிறார். ஒரு வெற்றிலைக்கு அவ்வளவு சுண்ணாம்பு ஆகாது. ராட்டை நிற்கிறது.

அத்தை: ஆசயக் கொறச்சவரு எந்திரிச்சு வந்து மிச்சத் தாரச் சுத்துங்க. ஏம் மாப்ள, வீடு தொறந்துதான கெடக்கு? அந்த சோபால செத்த நேரம் சாஞ்சிட்டு வாரேன்.

மாப்பிள்ளை: போங்கத்தே. பூனைய மட்டும் எறக்கி விட்டுக்கோங்க.