காலை எண்ணிச் சொல்லுங்கள்!

இந்த வாரத் தபாலில் எல்கடுவையிலிருந்து மட்டும் ஒரு கட்டு. மழைக்கு லயத்துக்குள் உட்கார்ந்து எழுதியிருப்பார்கள் போல. எல்லாம் ஊர்வன, கடிப்பன பற்றியே. சினிமாக் கேள்விகளுக்கு லீவு.

கொழுந்தெடுக்கப் போனால் காலில் அட்டை, வீட்டுக்கு வந்தால் சுவரில் மரவட்டை. இரண்டும் சொந்தமா?
– கொழுந்துக்காரி

பெயரில் மட்டும். அட்டைக்குக் காலே கிடையாது. அது மண்புழுவின் சொந்தம். மரவட்டையோ கணுக்காலி. உடம்பு கண்டம் கண்டமாக, கால் மூங்கில்போல் கணுக் கணுவாக, எலும்புக்குப் பதில் வெளியே ஓடு. தேள், சிலந்தி, நண்டு, இறால், கரப்பான் எல்லாம் இந்தக் குடும்பம்தான். பெயர் வைக்கப்பட்ட விலங்கினங்களில் ஐந்தில் நான்கு பங்கு இவர்கள். அட்டைக்குக் காலில் சவர்க்காரம் பூசுங்கள். மரவட்டை உக்கிய இலை தின்கிற சாது, விட்டுவிடுங்கள்.

பூரானுக்குச் சரியாக நூறு கால் உண்டா?
– நாலாம் வகுப்பு மாணவன்

இருக்கவே முடியாது தம்பி. வளர்ந்த பூரானுக்கு (யாழ்ப்பாணத்தில் மட்டத்தேள்) கால் சோடிகள் எப்போதும் ஒற்றைப்படை: இனத்தைப் பொறுத்து 15 முதல் 191 வரை. நூறு காலுக்கு ஐம்பது சோடி வேண்டும், அது இரட்டைப்படை. இன்னொன்று: அது கடிப்பது பல்லால் அல்ல. நடக்கிற கால்களுக்கு முன்னால் உள்ள சோடிதான் விஷக் கொடுக்காக மாறியிருக்கிறது. ஆகவே ‘பூரான் கடித்தது’ என்பது பிழை, ‘பூரான் உதைத்தது’ என்று டிஸ்பென்சரியில் சொல். கால் எண்ணிக்கையில் சாம்பியன், 2021இல் அறிவிக்கப்பட்ட ஆஸ்திரேலிய மரவட்டை ஒன்று: 1,306.

நண்டு கொழுத்தால் வளையில் தங்காதாமே?
– ஓடைக்கரையான்

பழமொழி சொன்னவர் நண்டைக் கேட்கவில்லை. நண்டு வளரும், ஓடு வளராது. சட்டை இறுகியதும் பழைய ஓட்டைப் பிளந்து, கண் காம்பு முதல் இரைப்பையின் உள்ளுறை வரை உருவிப் போட்டுவிட்டு வெளியே வரும். புது ஓடு இறுகும்வரை உடம்பு களிபோல இருக்கும். யார் வேண்டுமானாலும் தின்னலாம். கொழுத்த நண்டு வளைக்குள் பதுங்கும் காலம் அதுதான்! இலங்கையின் நன்னீர் நண்டினங்கள் ஐம்பதை ஒட்டி. ஏறத்தாழ அத்தனையும் இந்த நாட்டுக்கு மட்டுமே உரியவை. 1948இல் இவர்களிடம் யாரும் பிரஜாவுரிமை கேட்கவில்லை.

தேயிலைத் தண்டில் ஊசி ஓட்டை. கை பட்டதும் முறிகிறது. யார் வேலை?
– பெயர் வேண்டாம், கங்காணி படிப்பார்

எள்ளளவு கறுப்பு வண்டு. மரத்தைத் தின்பதற்காக அல்ல, விவசாயத்துக்காகத் துளைக்கிறது. தாய் வண்டு வாயில் பூஞ்சணம் கொண்டுவந்து சுரங்கச் சுவரில் வளர்க்கும். குடும்பத்துக்கு அதுதான் சோறு. துரை இல்லாமலே தோட்டம்!

இதில் ஒரு பழைய கதை உண்டு. கொழுந்திலையைச் சுருட்டி ஒட்டி உள்ளே தின்னும் புழுவை அடக்க, 1935–36இல் ஜாவாவிலிருந்து சிறு குளவி ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அது புழுவுக்குள் முட்டையிட்டது, புழு அடங்கியது. பிறகு, மேலே சொன்ன வண்டைக் கொல்ல டீல்ட்ரின் அடித்தார்கள். வண்டுக்கு அடித்த மருந்தில் குளவி செத்தது, புழு திரும்பி வந்தது. சம்பளம் கேட்காத ஒரே தொழிலாளி, அவரையும் நிறுத்தினார்கள்.

இலையைச் சிவக்கவைக்கும் சிவப்புச் சிலந்தி, பூச்சியா சிலந்தியா?
– தேத்தண்ணிப் பிரியர்

இரண்டும் இல்லை, உண்ணி வகை. எட்டுக் கால். எண்ணப் பூதக்கண்ணாடி வேண்டும்.

கூரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிலந்தி. தும்புத்தடியோடு நிற்கிறேன். உடனே பதில் தேவை!
– பயந்தவர்

தபாலில் கேட்டால் உடனே எப்படி? புலிமுகச் சிலந்தியாக இருக்கலாம். மரப்பொந்துக்காரர், மரம் போனால் கூரைக்கு வருவார். கடித்தால் வலி கடுமை, ஆகவே கை வைக்காதீர்கள். அடிக்கவும் வேண்டாம். மாங்குளத்தில் கிடைத்த ஓர் இனத்துக்கு 2013இல், வடக்கில் ஆய்வாளர்களுக்கு உதவிய பொலிஸ் அதிகாரி ஒருவரின் பெயரையே வைத்தார்கள். பெயர்தான் பொலிஸ், யாரையும் மறித்து அடையாள அட்டை கேட்டதாகத் தகவல் இல்லை.