கட்டையும் எழுத்தும்

கேள்வி: என் மகன் 'பள்ளி'யைப் 'பல்லி' என்றே எழுதுகிறான்; விளையாட்டுக் கட்டைகளைக் கொண்டு எழுத்துப் பழக்கினால் பிரயோஜனமுண்டா? (ஒரு தாய், கிள்ளான்)

பதில்: 1881-இல் தீயும் வெள்ளமும் அழித்த கோலாலம்பூரை மீண்டும் நிர்மாணிக்கச் செங்கல் சுட்டுக் கொடுத்த பிரிக்பீல்ட்ஸ், ரயிலேறினால் எட்டும் தூரத்திலிருக்க, கிள்ளான்வாசியாகிய தங்களுக்கு இச்சந்தேகம் வரலாமா, அம்மணி? செங்கல்லை அடுக்கி ஊரையே எழுப்பலாமென்றால், கட்டையை அடுக்கி எழுத்தை எழுப்பலாகாதா? 247 எழுத்துக்கும் தனித்தனிக் கட்டை தேடிச் சிரமப்படாமல், ககரத்துக்கு ஒன்று, கொம்புக்கு ஒன்று, காலுக்கு ஒன்று என்று எழுதி ஒட்டிவிட்டால், 'கொ' என்பதில் கொம்பு முன்னும் கால் பின்னும் நிற்கும் விசித்திரத்தைக் குழந்தையின் விரல்களே கிரகித்துக்கொள்ளும். லகர ளகரங்களுக்கு வெவ்வேறு வர்ணம் கொடுங்கள். ஆனால் கட்டை கண்ணைத் திருத்துமேயன்றி நாவைத் திருத்தாதாகையால், ஒவ்வொரு சொல்லையும் உரக்க உச்சரித்த பின்பே அடுக்கச் சொல்லுங்கள். இரவில் அவற்றைப் பொறுக்கி வைக்காவிட்டால், இருட்டில் மிதித்துவிட்ட தகப்பனார் உச்சரிக்கும் சொற்களையும் பையன் பிழையறக் கற்றுக்கொள்வான்; அதற்கு நான் ஜவாப்தாரியல்ல.