அணைந்தால் க்ஷேமம்

கேள்வி: காரின் சாவியைத் திருப்பியதும் சிறிது நேரம் எரிந்து அணையும் ஏர்பேக் விளக்கு, அணையாமலே இருந்தால் பை விழிப்போடு இருக்கிறதென்று அர்த்தமா?

பதில்: அப்படி அர்த்தம் பண்ணிக்கொண்டால் அனர்த்தம்தான், ஐயா! சாவியைத் திருப்பிய மாத்திரத்தில், அந்த ஏற்பாட்டின் மூளையாக விளங்கும் கருவியானது, மோதலை உணரும் சென்சார்களையும், ஸ்டீயரிங்குக்குள் சுருண்டு கிடக்கும் மின்கம்பிச் சுருளையும், பையை ஊதச் செய்யும் மருந்தைக் கொளுத்தவேண்டிய திரியையுங்கூட, அது பற்றிக்கொள்ளாத அளவுக்கு மிகச் சொற்பமான மின்சாரத்தை அனுப்பிப் பரீக்ஷித்து, சகலமும் சௌக்கியம் என்று திருப்தியடைந்த பிறகே விளக்கை அணைக்கிறது. (தீபாவளி வெடியைக் கொளுத்தாமலே சோதிக்கும் இந்தச் சாமர்த்தியம் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இன்னும் வாய்க்கவில்லை.) வண்டி ஓடும்போதும் சோதனை ஓய்வதில்லை. ஆகவே அணையாத விளக்கு, விபத்தில் பை விரியாமலே போகலாம் என்னும் எச்சரிக்கை. அறவே எரியாத விளக்கோ, புகார் சொல்லவும் வாயில்லாத நிலைமை.

இன்னொரு விசேஷம்: மோதலில் பாட்டரியின் இணைப்பே அறுந்துபோனாலும், கண் இமைப்பதற்குள், ஏறக்குறைய 30 மில்லிவிநாடியில், பை விரிந்தாக வேண்டுமாகையால், அதற்கான மின்சாரத்தை ஒரு கெப்பாசிட்டர் சேமித்து வைத்திருக்கிறது. பாட்டரியைக் கழற்றிய மெக்கானிக், ஸ்டீயரிங்கில் கைவைக்காமல் சில நிமிஷம் சும்மா நின்றால், கூலியைக் குறைத்துவிடாதீர்கள்.