மூக்கணாங்கயிறு எங்கே கண்ணு?

வா கண்ணு, இப்பிடித் திண்ணையில உக்காரு. கலிபோர்னியாவுல இருந்து வந்து எறங்கி மூணு நாளாச்சு. இன்னும் அந்தக் கார் நாயத்தையே பேசிக்கிட்டிருக்கியாமே? உங்கம்மா சொன்னா. 1932ஆம் வருசத்து ஃபோர்டு. வாங்கியாச்சு. சூடம் காட்டாத குறையா ஷெட்டுல நிறுத்தியாச்சு. இப்ப அதுக்குப் பெரிய இன்ஜின் வேணுமாம். ஏழு லிட்டருக்கும் மேலயாம். அடேங்கப்பா! எனக்குத் தெரிஞ்ச ஏழு லிட்டர், ரெண்டு எருமை ஒரு வேளைக்குக் கறக்கற பாலு.

சிரிக்காதே. உன்ற அப்புச்சி நாப்பது வருசம் லாரிப் பட்டறையில கையைக் கருப்பாக்குனவன். அமெரிக்கா மோட்டார் புஸ்தகத்தைப் பழைய பேப்பர் கடையில எடைக்கு வாங்கிப் படிச்சவன். அந்தக் காரோட சாதகம் எனக்கும் தெரியும்.

அதுக்கு ஃபோர்டு கம்பெனி போட்டது எட்டு சிலிண்டர் இன்ஜின். 221 கன அங்குலம். நம்ம கணக்குல 3.6 லிட்டர். 65 குதிரை. அதுவரைக்கும் எட்டு சிலிண்டர்னா வசதிக்காரன் ஊட்டுச் சமாச்சாரம். ஹென்றி ஃபோர்டு அதை ஐநூறு டாலருக்குள்ள கொண்டாந்து சாமானியன் வாசல்ல நிறுத்துனார். ஆனா ஒரு சீக்கும் கூடவே வந்துச்சு. புகை வெளிய போற வழியை இன்ஜின் கட்டைக்குள்ளயே வெச்சுட்டாங்க. அடுப்பைக் கொண்டுபோய் படுக்கற அறையில வெச்ச மாதிரி. சூடேறாம என்ன பண்ணும்?

இப்ப உன்ற ஆசை 454 கன அங்குலம். 1970ல செவர்லே கம்பெனி கொண்டாந்த பெரிய கட்டை. அதுல முறுக்கேத்துன ரகம் 450 குதிரை. 65 எங்க, 450 எங்க? ஏழு மடங்கு கண்ணு! ஒரு மாடு இழுக்கற வண்டியில ஏழு மாட்டைப் பூட்டுனா வண்டி ஓடுமான்னு கேக்காதே. வண்டி இருக்குமான்னு கேளு.

பழைய காரை வேகமாக்கற இந்த வித்தையை மொதல்ல ஆரம்பிச்சது யாருன்னு தெரியுமா உனக்கு? 1930கள்ல லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்துப் பசங்க. கையில காசு கிடையாது. ஆசை மட்டும் கொடத்துல நெறஞ்சு வழியுது. என்ன பண்ணுனான்? பழைய ஃபோர்டு ஒண்ணை அடிமாட்டு வெலைக்கு வாங்குனான். மட்கார்டைக் கழட்டுனான். பம்பரைக் கழட்டுனான். ஓட்டத்துக்கு ஒதவாத தகரம் அத்தனையும் கழட்டிப் போட்டான். அப்பறந்தான் இன்ஜின்ல கையை வெச்சான். மியூராக்னு ஒரு காஞ்ச ஏரி. தண்ணியில்லை, தடுப்பில்லை, பாய் விரிச்ச மாதிரி தரை. அங்க கொண்டுபோய் முடுக்குனான். 1937லயே தெற்கு கலிபோர்னியா டைமிங் அசோசியேஷன்னு ஒரு சங்கம் கூட்டி, கடியாரம் வெச்சு வேகத்தை அளந்தாங்க.

நம்மூரு ரேக்ளா வண்டி பார்த்திருக்கே இல்ல? அதுல மூட்டை ஏத்த முடியுமா? கூண்டு இருக்குதா? ஒத்தை ஆளு ஒட்டிக்கிட்டு உக்கார ஒரு எடம், ரெண்டு சக்கரம், அவ்வளவுதான். மொதல்ல எடையைக் கொறை, அப்பறம் மாட்டைத் தேடு. அந்தப் பசங்களுக்கும் அதே புத்திதான். இன்னொண்ணும் கேட்டுக்கோ. காளை வாங்கறவன் சுழி பார்ப்பான், பல்லு பார்ப்பான். பூட்டி ஓட்டறவன் மூக்கணாங்கயித்தைப் பார்ப்பான். ஞாபகம் வெச்சுக்கோ, பொறவு கேப்பேன்.

1955ல செவர்லே ஒரு சின்னக் கட்டை எட்டு சிலிண்டரைக் கொண்டாந்துச்சு. 265 கன அங்குலம். கட்டையும் லேசு, கையாள்றதும் லேசு. மோதி ஒடைஞ்ச காரு யார்டுக்கு வர வர, இன்ஜினும் சல்லிசா கெடைச்சுது. பசங்க விடுவானுங்களா? ஃபோர்டு வயித்துல செவர்லேயைத் தூக்கி வெச்சுட்டானுங்க. கம்பெனி விசுவாசம் பேசறவனுக்கு இன்னைக்கும் வயித்தெரிச்சல் அடங்கலை. அதுவே வளந்து 1967ல 350 ஆச்சு, 5.7 லிட்டர்.

ஆக, இது இல்லாதவன் கண்டுபுடிச்ச கைவேலை கண்ணு. இப்ப என்ன நடக்குது? பாடி புதுசா அடிச்சு விக்கறான். பாடியைத் தாங்கற சட்டமும் புதுசு. இன்ஜின் பெட்டியில கட்டி ஊட்டுக்கே வருது. எல்லாம் புதுசு, 1932ங்கற பேரு மட்டும் பழசு. அதுக்கும் மேல ஒருத்தன், நல்ல தகரத்துல துரு புடிச்ச மாதிரி பெயிண்ட் அடிக்கறான். இன்னொருத்தன் நெசமான துருவுக்கே வார்னிஷ் பூசறான். துரு உதுந்துறக் கூடாதாமா! நம்ம ஊட்டுப் பொடக்காணியில ஒரு தகரக் கதவு கெடக்குது. வேணும்னா எடுத்துட்டுப் போ. காசு வேண்டாம்.

சரி, 454ஐ உள்ள எறக்கோணும். எப்பிடி? அந்தப் பானெட்டு ரெண்டு பக்கமும் றெக்கை மாதிரித் தொறக்கும். பார்க்க அழகு, உள்ள ஒடுக்கம். இன்ஜின் முன்னால வந்தா ரேடியேட்டர்ல இடிக்கும். பின்னால தள்ளுனா, காலுக்கு முன்னால இருக்கற தகரச் சுவரை வெட்டோணும். வெட்டுனா உன்ற கால் வெக்க எடமில்லை. ஸ்டியரிங் தண்டு ஒரு பக்கம், புகைக் குழாய் ஒரு பக்கம், ரெண்டுக்கும் பங்காளிச் சண்டை. கடைசில பானெட்டோட பக்கத் தகரத்தையே கழட்டி எறிஞ்சுருவே. கேட்டா, "ஜனங்க இன்ஜினைப் பார்க்கட்டும் அப்புச்சி"ம்பே. மொய் எழுத வந்தவன் பார்க்கட்டும்னு பீரோவைத் தொறந்து வெச்ச கதைதான்.

அதோட முடிஞ்சுதா? சின்னக் கட்டையே 260 கிலோ. பெரிய கட்டை 300ஐத் தாண்டும். காரே ஒரு டன்னு சொச்சம். மூக்கு மட்டும் கனமானா, முன்னால குறுக்கால போட்ட ஒத்தைப் பட்டை ஸ்பிரிங் என்ன பண்ணும்? குனியும். சட்டம் முறுக்கும். அதுக்கு உள்பக்கம் தகடு வெச்சு அடைச்சுப் பத்த வெக்கோணும். அந்தக் காலத்து மூணு கியர் பெட்டி இந்த முறுக்கைத் தாங்காது, பல்லு கொட்டிரும். அதை மாத்தோணும். கியர் பெட்டியை மாத்துனா, குழாய்க்குள்ள ஓடற பழைய புரொப்பல்லர் தண்டு ஒத்துவராது. தண்டை மாத்துனா பின் ஆக்ஸிலையும் மாத்தோணும். ஃபோர்டு 1957ல கொண்டாந்த ஒம்பது இஞ்சு ஆக்ஸிலைத்தான் தேடி ஓடுவே. ரேடியேட்டர் பத்தாது, அதுவும் பெருசா வேணும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?

நம்ம தோட்டத்துலயே இந்தக் கூத்து நடந்துச்சு. உன்ற பெரிய மாமன் கெணத்துக்கு அஞ்சு குதிரை மோட்டாரைத் தூக்கிட்டுப் பத்துக் குதிரை போட்டான். குழாய் அதே குழாய். ஊத்து அதே ஊத்து. அரை மணி நேரத்துல கெணறு காஞ்சு, மோட்டார் காத்தைக் குடிச்சுக்கிட்டுக் கத்துச்சு. மோட்டாரைக் கேட்டு ஊத்து ஊறுமா கண்ணு?

என்னை யோக்கியன்னு நெனைச்சுக்காதே. நானும் உன்ற வயசுல ஆடுனவன்தான். ஒரு பண்ணாடி பழைய ஜீப்பு வெச்சிருந்தார். "வால்பாறை மேடு ஏறறப்ப மூச்சு வாங்குது, பெருசா ஒண்ணு போடு"ன்னார். லாரிக்குப் போடற டீசல் இன்ஜின் ஒண்ணு பட்டறையில சும்மா கெடந்துச்சு. மூணு ராத்திரி முழிச்சிருந்து எறக்கிட்டேன். ஆழியாறுல இருந்து நாப்பது கொண்டை ஊசி வளைவு. ஏறுச்சு பாரு, தென்னைமரத்துல அணில் ஏறற மாதிரி! பண்ணாடி என் தோள்ல தட்டுனார். ஊர்லயே என்னை விட்டா மெக்கானிக் இல்லைன்னு எனக்கும் ஒரு மெதப்பு.

மக்கா நாள் எறங்குனோம். மூக்கு கனம். பிரேக்கு பழைய பிரேக்கு. பத்து வளைவு தாண்டறதுக்குள்ள கருகல் நாத்தம். பெடல் வேட்டித்துணி மாதிரி உள்ள போவுது. கடைசில மலைப்பக்கமா ஒடிச்சு, பாறையில ஒரசி ஒரசி நிறுத்துனேன். பண்ணாடி எறங்கி ஒரு வார்த்தை பேசலை. செருப்பைக் கையில எடுத்துக்கிட்டார். அடிக்கத்தான் வர்றாரோன்னு நெனைச்சேன். மனுசன் பாட்டுக்கு நடந்தே கீழ போயிட்டார். அன்னைக்கு எனக்குப் புத்தி வந்துச்சு. ஏறறதுக்குத்தான் இன்ஜின் கண்ணு. ஊடு வந்து சேர்றதுக்கு வேற சாமான் வேணும்.

இப்ப அந்தக் கேள்விக்கு வாறேன். உன்ற 1932 காருல மூக்கணாங்கயிறு எங்க? பெடலை மிதிச்சா கம்பி இழுக்கும், கம்பி இழுத்தாத்தான் பிரேக்குப் புடிக்கும். எண்ணெய் பிரேக்கு ஃபோர்டு காருக்கு வந்தது 1939லதான். அந்தக் கம்பியை நம்பியா 450 குதிரையை அவுத்து விடப் போறே? வேகம் ரெண்டு மடங்கானா, அதை நிறுத்தறதுக்கு நாலு மடங்கு வேலை. மூணு மடங்கானா ஒம்பது. இது உன்ற காலேஜுலயே சொல்லிக் குடுத்திருப்பாங்களே. பரிச்சை எழுதுனதோட மறந்தாச்சா?

கார் கம்பெனிக்காரனுக்கு இது தெரியும். நம்ம அம்பாசிடரையே பாரு. முப்பது வருசத்துக்கும் மேல 1489 சிசி. 90கள்லதான் ஜப்பான்காரன் இசுசு இன்ஜினைப் போட்டாங்க, 1800 சிசி. 300 சிசி கூடுனதுக்கே அஞ்சு கியர் பெட்டியும் சேர்த்து மாத்துனாங்க. நீ ரெண்டு மடங்கு ஏத்தப் போறே, பெயிண்ட் கலரைத்தான் யோசிச்சிட்டிருக்கே.

வேண்டாம்னு சொல்லலை கண்ணு. ஆசைப்படற வயசு. 350 போதும். ஒரு டன்னு காருக்கு அதுவே அனுமார் வாலு. மொதல்ல சட்டத்தை அடை. பின் ஆக்ஸிலைப் போடு. நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக்கு மாட்டு. ரேடியேட்டரைப் பெருசாக்கு. இன்ஜினைக் கடைசியா எறக்கு.

எறக்கிட்டு எனக்கு ஒரு படம் அனுப்பு. இன்ஜின் படம் வேண்டாம், அதைத்தான் ஊர் பூராவும் காட்டுவியே. சக்கரத்துக்கு உள்ளாற குனிஞ்சு பிரேக்கைப் படம் புடிச்சு அனுப்பு. அதைப் பார்த்துட்டு, நான் உன்ற வண்டியில ஏறறதா நடக்கறதான்னு சொல்றேன்.