டி.டி.எச். பில்லும் முல்லைத் திணையும்: ஓர் ஆய்வு

டி.டி.எச். கட்டணத் தகராறு எந்தத் திணையில் அடங்கும் என்ற வினாவுக்குத் தமிழாய்வுலகம் இதுவரை முகம் கொடுக்கவில்லை. கேட்காத சேனலுக்குப் பணம் பிடித்ததும் கஸ்டமர் கேருக்குப் போன் போட்டுப் புலம்புவதால் இது நெய்தல் என்பாரும் உளர். அது பொருந்தாது. என்னை? இரங்கல் என்பது போனவர் வருவாரோ மாட்டாரோ என்ற ஐயத்தில் பிறப்பது. சந்தாதாரருக்கோ அப்படி ஐயம் எதுவும் இல்லை. ‘உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியமானது’ என்று எடுத்த எடுப்பிலேயே அவருக்கு உறுதி தரப்பட்டுவிடுகிறது. கார்காலத்துக்குள் வந்துவிடுவேன் என்ற சொல்லை நம்பித் தலைவி ஆற்றியிருந்தாள். ‘24 டு 48 அவர்ஸ்ல சரியாயிடும் சார்’ என்ற சொல்லை நம்பி இவர் ஆற்றியிருக்கிறார். ஆகவே இது முல்லை.

முதற்பொருளும் ஒத்துவருகிறது. முல்லைக்குப் பெரும்பொழுது கார், சிறுபொழுது மாலை. மழை கொட்டும்போதுதான் டிஷ் சிக்னல் போகும். மாலையில் சீரியல் போட்ட பிறகுதான் சேனல் கட்டானதே வீட்டாருக்குத் தெரியும். கருப்பொருள்: ரிமோட், செட்டாப் பாக்ஸ், பெட்டியின் அடிவயிற்றில் பொடி எழுத்தில் ஒட்டிய கார்டு நம்பர், அதைப் படிக்க செல்போன் டார்ச், டார்ச் பிடிக்க ஒரு பேரன். பறை இருக்க வேண்டிய இடத்தில் ஹோல்டு மியூசிக். இதற்கு ஆல்ஃபிரட் லெவி என்ற அமெரிக்க ஆலை அதிபர் 1966-இல் காப்புரிமை பெற்றார். அவருடைய ஆலையில் அறுந்து தொங்கிய தொலைபேசிக் கம்பி ஓர் இரும்பு உத்தரத்தில் பட, பக்கத்துக் கட்டடத்து வானொலி நிலையத்தின் பாட்டு காத்திருந்தவர்கள் காதில் விழுந்ததாம். ஒரு ரிப்பேரைச் சேவையாக்கிய முதல் நிகழ்ச்சி என்ற வகையில் இத்துறை அவருக்குக் கடன்பட்டிருக்கிறது.

காத்திருப்பு தற்செயல் என்று நினைப்பது பாமரர் கொள்கை. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணிபுரிந்த அக்னர் எர்லாங் என்ற டேனிஷ் கணிதர், 1909-இலேயே அழைப்புகளின் வரவை நிகழ்தகவுக் கணக்குக்குள் கொண்டுவந்துவிட்டார். எத்தனை அழைப்பு வந்தால், எத்தனை ஆள் போட்டால், எவ்வளவு நேரம் காக்க வேண்டியிருக்கும் என்பது கால் சென்டர்காரர்கள் அன்றாடம் போடும் கணக்கு. நாம் எவ்வளவு நேரம் பாட்டுக் கேட்க வேண்டும் என்று யாரோ ஒருவர் தாளில் எழுதித்தான் வைத்திருக்கிறார்.

இனி வரலாறு. முதலாவது அட்டைக் காலம். கேபிள்காரர் மாதம் பிறந்ததும் சைக்கிளில் வருவார். அட்டையில் கையெழுத்துப் போடுவார். படம் தெரியவில்லை என்றால் வாசலிலேயே வைத்துச் சண்டை போடலாம், ‘அடுத்த மாசம் பாத்துக்கலாம்ணே’ என்று அவரும் இறங்கி வருவார். எதிராளிக்கு முகம் இருந்தது என்பது இக்காலத்தின் சிறப்பு. இரண்டாவது மருவிய காலம். 2003 செப்டம்பரில் கட்டணச் சேனலுக்குப் பெட்டி கட்டாயம் என்ற ஏற்பாடு சென்னையில் மட்டும் நிலைத்தது. 2011-இல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தது. மூன்றாவதாகிய பெட்டிக் காலம் 2019 பிப்ரவரியில் முழுமை பெற்றது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வகுத்த புது விதிப்படி 100 சேனலுக்கு அடிப்படைக் கட்டணம் அதிகபட்சம் 130 ரூபாய், 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 153 ரூபாய் 40 காசு. அந்த நூற்றுக்குள் ஒரு ஹெச்.டி. சேனல் இரண்டாக எண்ணப்பட்டது. அத்வைதிகளுக்கு இது உடன்பாடன்று. 2024-இல் அந்த 130 என்ற வரம்பும் எடுக்கப்பட்டது.

இவ்வாய்வின் மையம் 19 ரூபாய். தொகுப்பில் சேர்க்கப்படும் சேனலின் விலை 19-க்கு மேல் போகக்கூடாது என்றது விதி; முன்னணிச் சேனல்கள் பல சரியாக 19-இலேயே வந்து நின்றன. 2020-இல் அதை 12 ஆக்கினார்கள். 2022 நவம்பரில் மறுபடி 19. வரியோடு 22 ரூபாய் 42 காசு. இத்தொகையின் அழகு அதன் சிறுமையில் இருக்கிறது. இரண்டாயிரம் பிடித்தால் ஊரே திரளும். 22 ரூபாய்க்காக ஒருவர் அரைமணி நேரம் போனில் நின்றால் வீட்டாரே அவரை ஒரு மாதிரி பார்ப்பார்கள். வழக்காட வெட்கப்படும் அளவுக்குச் சிறியதாகவும், மாதாமாதம் உறுத்தும் அளவுக்குப் பெரியதாகவும் ஒரு தொகையைக் கண்டடைவது எளிதன்று.

களச் சான்றுக்கு என் மாமாவை எடுத்துக்கொண்டேன். மதுரைக்காரர், கருவூலத்தில் கணக்கராக இருந்து ஓய்வுபெற்றவர். அவருடைய பில்லில் கோல்ஃப் காட்டும் சேனல் ஒன்று ஏறியிருந்தது.

“ஏம்மா, நா இந்தச் சேனலக் கேக்கவே இல்லயேம்மா.”

“லைன்லயே இருங்க சார், செக் பண்றேன்... உங்க சைடுல இருந்துதான் சார் ஆட் ஆகியிருக்கு.”

“எங்க வீட்ல அந்த வெளயாட்டு யாருக்கும் தெரியாதும்மா.”

“சிஸ்டத்துல அப்படித்தான் காட்டுது சார். கனெக்‌ஷன் யார் பேர்ல இருக்கு?”

“எங்கப்பா பேர்ல.”

“அவர்கிட்ட போனைக் குடுங்க சார்.”

“அவர் போயி எட்டு வருசம் ஆச்சு.”

“ஓகே சார். அவர் நம்பருக்கு ஒரு ஓ.டி.பி. வரும், அதச் சொல்லுங்க.”

இவ்வுரையாடலில் வரும் ‘சிஸ்டம்’ தனி ஆய்வுக்குரியது. எல்லாம் அறிந்தது, கண்ணுக்குப் புலப்படாதது, பிழை செய்யாதது. இலக்கணங்கள் அனைத்தும் கடவுளுக்கு உரியவை. முறையீட்டைக் கேட்காத குணமும் உட்பட. அந்தப் பெண்ணைக் குறை சொல்வதற்கில்லை. திரையில் இருப்பதைப் படிக்கத்தான் அவருக்குச் சம்பளம். அழிக்க அதிகாரம் இல்லை.

மேல்முறையீட்டுக்கு மாமா டிராயை நாடினார். தனிநபர் புகார்களை விசாரிப்பது டிராயின் வேலை அல்ல. விதி செய்வது அதன் பொறுப்பு. விதியால் நேர்வது நம் பொறுப்பு. டெல்லியில் இருக்கும் தொலைத்தொடர்புத் தீர்ப்பாயமும் தனி நுகர்வோர் வழக்குக்கு ஆனதன்று. மிஞ்சுவது 1915 என்ற உதவி எண்ணும் மாவட்ட நுகர்வோர் ஆணையமும். ஐந்து லட்சம் ரூபாய் வரை ஆணையத்தில் மனுக் கட்டணம் கிடையாது என்பதை அறிந்ததும் மாமாவின் முகத்தில் கருவூல நாட்களின் களை திரும்பியது. ஜெராக்ஸுக்கும் ஆட்டோவுக்கும் ஆகும் செலவை அத்தை கணக்குப் போட்டுச் சொன்னது இங்கே தேவையில்லை.

மனு டைப் ஆகிக்கொண்டிருந்தபோதே நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது. தவறு ஏற்கப்பட்டது.

“சாரி சார். பணமா ரிட்டர்ன் பண்ண சிஸ்டத்துல ஆப்ஷன் இல்ல. அதுக்குப் பதிலா அதே கோல்ஃப் சேனல ஒரு மாசம் ஃப்ரீயா குடுத்திருக்கோம்.”

“ஒரு மாசம் கழிச்சு?”

“நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம் சார். தானா கண்டினியூ ஆயிரும்.”